கறுவா மணமும் உருக்குக் குழாயும்: அரிப்பைத் தடுக்கும் சேதனச் சேர்வைகள்

கறுவாப்பட்டையை முகர்ந்தால் வரும் மணத்துக்குக் காரணம் சின்னமல்டிகைட்டு என்ற சேதனச் சேர்வை. அதே சேர்வையை எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கலந்து பூமிக்குள் செலுத்துகிறார்கள். போகிற வழியிலுள்ள உருக்குக் குழாயை அமிலம் தின்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாத் தோட்டத்தின் பெயரைக் கொழும்பு 7 இல் இன்றும் சுமந்து நிற்கும் ஊர் நம்முடையது. நமக்கு இந்தச் செய்தி கூடுதலாகவே இனிக்க வேண்டும். ஒரு சின்னஞ்சிறு சேதன மூலக்கூறு உருக்கை எப்படிக் காக்கிறது, எங்கே காக்கும், எங்கே கைவிடும் என்பதை, பாடசாலையில் படித்த இரசாயனம் ஓரளவு நினைவிருக்கும் எவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு துளிக்குள் நடப்பது

முதலில் கறள். கொழும்புக்காரருக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கிறிலுக்கு அடித்த பெயின்ட் சீக்கிரமே பொங்கி உரிகிறது. அதே பெயின்ட் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நுகேகொடையில் அதைவிட நெடுநாள் தாங்கும். அலை உடையும்போது எழும் உப்புத் துளிகள் காற்றோடு வந்து இரும்பில் படிகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும். கடலை விட்டுச் சில நூறு மீற்றர் உள்ளே போனாலே இந்த உப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அந்த நீர்ப்படலத்துக்குள் நடப்பதை ஒரே ஒரு துளியை வைத்துக் கண்ணால் பார்க்கலாம். நன்றாகத் தேய்த்து மினுக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீரில் பொற்றாசியம் பெரிசயனைட்டும் பினோத்தலீனும் சிறிதளவு கலந்திருக்க வேண்டும். உயர்தர மாணவர்களின் ஆய்வுகூடத்தில் இரண்டும் கிடைக்கும். கொஞ்ச நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகும், ஓரம் இளஞ்சிவப்பாகும். நீலமான இடத்தில் இரும்பு அணுக்கள் தலைக்கு இரண்டு இலத்திரன்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு, அயன்களாகித் தண்ணீருக்குள் இறங்குகின்றன. விடப்பட்ட இலத்திரன்கள் உலோகத்தின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. ஓரத்தில் காற்று எளிதாகக் கிடைக்கிறது. அங்கே ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஐதரொட்சைட்டு அயனாகிறது. இளஞ்சிவப்பு அதன் அடையாளம். இரண்டு பகுதிக்கும் இடையில், கரைந்த இரும்பும் ஐதரொட்சைட்டும் சந்திக்கும் வளையத்தில் செம்பழுப்பான கறள் படிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரிப்பை ஆராய்ந்த உலிக் எவன்ஸின் பெயரால் இதை எவன்ஸ் துளி என்பார்கள்.

இந்தத் துளியில் கவனிக்க வேண்டியது, ஒரே நேரத்தில் இரண்டு தாக்கங்கள் நடப்பது. ஓரிடத்தில் இரும்பு இலத்திரனைக் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் ஒட்சிசன் வாங்குகிறது. கொடுப்பவர் இல்லாமல் வாங்க முடியாது, வாங்குபவர் இல்லாமல் கொடுக்கவும் முடியாது. இரண்டில் ஒன்றின் கையைக் கட்டினால் போதும், மற்றதும் நின்றுவிடும். அமிலத்திலும் இதே கதைதான். இலத்திரனை வாங்குவது மட்டும் பெரும்பாலும் ஐதரசன் அயன். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஓர் ஆணியைப் போட்டால் அதைச் சுற்றிக் குமிழ் குமிழாக எழுவது அப்படிப் பிறந்த ஐதரசன் வாயு.

பெயின்ட் அடிப்பது, நாகம் பூசுவது எல்லாம் உருக்கின் மேல் ஒரு கவசம் போடும் வேலைகள். அரிப்பு நிரோதி, அதாவது அரிப்பைத் தடுக்கும் சேர்வை, அப்படிப்பட்டதல்ல. அது உருக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவத்தில் கரைந்து கிடக்கிறது. மிகச் சிறிய அளவு போதும், பல இடங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. திரவத்திலிருந்து தானாகவே உருக்கின் பரப்புக்கு வந்து ஒட்டிக்கொண்டு, இலத்திரன் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடங்களை அடைத்துவிடுகிறது.

சேதனச் சேர்வைகள் பெரிதாகப் பேசப்படுவதற்கு முன் இந்த வேலையைக் குரோமேற்று, நைத்திரைற்று, பொசுபேற்று போன்ற அசேதன உப்புகள் செய்துவந்தன, இன்றும் சில செய்கின்றன. குரோமேற்று மிகத் திறமானது. ஆனால் ஆறு வலுவளவுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானதால் உலகெங்கும் அதை ஒதுக்கி வருகிறார்கள். இந்த வகை உப்புகள் சிலவற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குரோமேற்றோ நைத்திரைற்றோ தேவையான அளவுக்குக் குறைந்தால், பரப்பில் மூடப்படாமல் எஞ்சிய சின்னச் சின்ன இடங்களில் அரிப்பு முழுவதும் குவிந்து, குழாயில் ஊசித் துளைகளே விழுந்துவிடும். சேதன நிரோதிகள் பெரும்பாலும் கொடுக்கும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் சேர்த்தே அடைப்பவை. அவற்றின் அளவு குறைந்தால் பாதுகாப்பும் குறையும், ஆனால் அந்த அளவுக்கு மோசம் போகாது.

மூலக்கூறு எப்படி ஒட்டிக்கொள்கிறது

உயர்தரப் பாடத்தில் புறத்துறிஞ்சல் என்று படித்திருப்பீர்கள்: ஒரு பொருள் இன்னொன்றின் உள்ளே போகாமல் அதன் பரப்பில் மட்டும் தங்குவது. சேதன நிரோதியின் முழு வித்தையும் அதுதான்.

எல்லாச் சேதனச் சேர்வைகளுக்கும் இது கைவராது. நைதரசன், ஒட்சிசன், கந்தகம், பொசுபரசு இவற்றில் ஏதாவது ஓர் அணு மூலக்கூறில் இருக்க வேண்டும், அல்லது பென்சீன் வளையம் போல இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த ஒரு பகுதியாவது இருக்க வேண்டும். நைதரசனிடமும் கந்தகத்திடமும் பிணைப்பில் சேராத தனிச்சோடி இலத்திரன்கள் இருக்கின்றன. இரும்பு அணுவிடமோ நிரம்பாத ஒழுக்குகள் (இலத்திரன் தங்கும் இடங்கள்) இருக்கின்றன. கொடுக்க ஆளும் வாங்க இடமும் இருப்பதால் பிணைப்பு உருவாகிறது. ஒத்த அமைப்புள்ள மூலக்கூறுகளை ஒப்பிட்டால் ஒட்சிசன் உள்ளதைவிட நைதரசன் உள்ளதும், அதைவிடக் கந்தகம் உள்ளதும் நன்றாகப் பற்றிக்கொள்வது வழக்கம். இலத்திரனை இறுக்கிப் பிடிப்பதில் ஒட்சிசன் கஞ்சன், கந்தகம் தாராளம்.

இப்படி இரசாயனப் பிணைப்பாக ஒட்டுவது ஒரு விதம். வெறும் மின்னேற்றக் கவர்ச்சியால் ஒட்டுவது இன்னொரு விதம். அமிலத்தில் அமீன் (நைதரசன் உள்ள ஒரு வகைச் சேதனச் சேர்வை) ஒன்றைப் போட்டால் அது ஐதரசன் அயனை ஏற்று நேரேற்றம் பெறும். உருக்கின் பரப்பும் அமிலத்தில் பெரும்பாலும் நேரேற்றத்தோடுதான் இருக்கும். நேரும் நேரும் தள்ளிக்கொள்ள வேண்டுமே? நடுவில் குளோரைட்டு வந்து உதவுகிறது. ஐதரோகுளோரிக் அமிலத்திலுள்ள குளோரைட்டு அயன்கள் முதலில் உருக்கில் போய் ஒட்டி அதன் மேல் எதிரேற்றத்தைக் கொண்டுவருகின்றன. அமீன் அந்தக் குளோரைட்டின் மேல் வந்து தங்குகிறது. ஒரே சேர்வை சல்பூரிக் அமிலத்தைவிட ஐதரோகுளோரிக் அமிலத்தில் நன்றாக வேலை செய்வதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். சிறிதளவு அயடைட்டு சேர்த்தால் பலன் இன்னும் கூடும். கடற்கரையில் கிறிலைத் தின்னும் அதே குளோரைட்டு இங்கே நிரோதிக்குப் பாலம் போடுவது எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம்.

மூலக்கூறுகள் பரப்பில் எவ்வளவு நிறையும் என்பதைக் கணக்கிட அமெரிக்க இரசாயனவியலாளர் இர்விங் லாங்மியூர் ஒரு சமன்பாடு தந்தார். பரப்பு இரசாயன ஆய்வுகளுக்காக 1932 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலி வீதியில் ஓடும் ஒரு 100 ஆம் இலக்க பஸ்ஸை எண்ணிக்கொள்ளுங்கள், நிற்பவர்களை விட்டுவிடுங்கள். இருக்கை இத்தனைதான், ஓர் இருக்கைக்கு ஓர் ஆள். சிலர் இறங்க, வேறு சிலர் ஏறி உட்காருவார்கள். தரிப்பில் ஆட்கள் கூடக் கூட இருக்கைகள் வேகமாக நிரம்பும். முக்கால்வாசி நிரம்பிய பிறகு எத்தனை பேர் காத்திருந்தாலும் பெரிய மாற்றம் இராது. நிரோதியின் அளவும் அப்படித்தான். முதல் சில துளிகள் பெரிய பாதுகாப்பைத் தரும். அப்புறம் இரட்டிப்பாக்கினாலும் பலன் கொஞ்சம்தான் கூடும், செலவு மட்டும் இரட்டிப்பாகும்.

வெப்பநிலை கூடினால் மின்னேற்றக் கவர்ச்சியால் மட்டும் ஒட்டியிருந்தவை எளிதில் கழன்று போய்விடும். இரசாயனப் பிணைப்பால் ஒட்டியவை தாக்குப்பிடிக்கும். 30 பாகை செல்சியசில் அருமையாக வேலை செய்த நிரோதி 70 பாகையில் கைவிடுவது இதனால்தான்.

தலைப்பகுதி உலோகத்தைப் பிடித்துக்கொள்ள, மூலக்கூறின் வால் செய்யும் வேலையும் முக்கியம். பன்னிரண்டு முதல் பதினெட்டுக் காபன் வரை நீண்ட ஐதரோகாபன் வாலுள்ள அமீன்கள், நைதரசன் சேர்ந்த வளையமுள்ள இமிடசோலின்கள் உருக்கின் மேல் நெருக்கமாக அணிவகுத்து நின்று, வால்களை வெளியே நீட்டித் தண்ணீரைத் தள்ளி வைக்கின்றன. எண்ணெய், எரிவாயுக் குழாய்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இமிடசோலின் வகைகள் பெரிய அளவில் பாவிக்கப்படுவது இதற்காக.

அமிலத் தொட்டியும் கறுவாவும்

உருக்குக்கு நாகம் பூசும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். சூடாக உருட்டிய உருக்கின் மேல் கருநிற ஒட்சைட்டுச் செதில் படிந்திருக்கும். அதை நீக்காமல் நாகம் பிடிக்காது. எனவே உருக்கை ஐதரோகுளோரிக் அமிலத் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். செதில் கரைந்ததும் அமிலம் அடியிலுள்ள நல்ல உருக்கையும் கரைக்கத் தொடங்கும். அமிலம் வீணாகும், மூக்கை எரிக்கும் புகை எழும்பும், பிறக்கும் ஐதரசனில் ஒரு பகுதி உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கும். தொட்டியில் ஹெக்சமீன் போன்ற நிரோதி சிறிது இருந்தால், அது வெளிப்பட்ட உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்சைட்டுச் செதிலைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அமிலம் செதிலைத் தின்னும், உருக்கை அவ்வளவாகத் தொடாது. வேண்டாததை மட்டும் கரைத்து வேண்டியதை விடும் இந்தப் பாகுபாடு, நினைக்க நினைக்க அழகானது. இதே வேலைக்குத் தயோயூரியாவும் அதன் உறவுச் சேர்வைகளும் நெடுங்காலம் பாவிக்கப்பட்டன; தயோயூரியா புற்றுநோய் ஐயத்துக்குரியது என்பதால் அதற்கு மாற்றுத் தேடுகிறார்கள்.

எண்ணெய்க் கிணற்றில் நிலைமை இதைவிடக் கடுமை. சுண்ணக்கற் பாறையைக் கரைத்து எண்ணெய்க்கு வழி திறக்க, 15% ஐதரோகுளோரிக் அமிலத்தை, சில வேளை அதைவிடச் செறிவானதை, ஆழத்துக்குச் செலுத்துகிறார்கள். அங்கே வெப்பநிலை 100 பாகையைத் தாண்டியும் இருக்கலாம். நிரோதி இல்லாவிட்டால் குழாய் சில மணித்தியாலம்கூடத் தாங்காமல் போகலாம். இதற்குப் புரொபர்கைல் அற்ககோல் என்ற சேர்வை திறமாக வேலை செய்தது, ஆனால் அது கடும் நஞ்சு. அதற்கு மாற்றாக வந்தவற்றில் ஒன்றுதான் சின்னமல்டிகைட்டு.

அதன் அமைப்பைப் பாருங்கள். ஒரு முனையில் பென்சீன் வளையம், நடுவில் காபன்-காபன் இரட்டைப் பிணைப்பு, மறுமுனையில் அல்டிகைட்டுத் தொகுதி. மூன்றும் ஒரே தளத்தில், இலத்திரன்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவக்கூடியபடி தொடர்ந்திருக்கின்றன. உருக்கில் படுத்து ஒட்ட இதைவிட வாய்ப்பான வடிவம் வேண்டுமா? ஒட்டியதோடு நிற்பதுமில்லை. அமிலத்தில் உருக்கின் மேல் அம்மூலக்கூறுகள் தாக்கமடைந்து, ஒன்றோடொன்று கோத்து, மெல்லிய பல்பகுதியப் படலமாகிவிடுகின்றன. படலம் தனி மூலக்கூறுகளைப் போல எளிதில் கழன்று போகாது. தண்ணீரில் இது அவ்வளவாகக் கரையாது என்பதால் பரப்பிழுவிசையைக் குறைக்கும் வேறு சேர்வைகளோடு சேர்த்தே பாவிப்பார்கள்.

இதைக் கேட்டதும் நம் கறுவாவுக்குப் புதிய சந்தை திறந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். கறுவாப்பட்டை எண்ணெய் விலை கூடியது. தொழிற்சாலைக்குப் போகும் சின்னமல்டிகைட்டைப் பென்சல்டிகைட்டையும் அசற்றல்டிகைட்டையும் சேர்த்து மலிவாகத் தயாரிக்கிறார்கள். பட்டையின் இடம் சமையலறைதான். அதே மரத்தின் இலையெண்ணெயில் பெருமளவு இருப்பது கிராம்பு மணமுள்ள இயூஜினோல். அதையும் நிரோதியாகச் சோதித்திருக்கிறார்கள்.

தொண்ணூறு வீதம் என்றால் என்ன

நிரோதியின் திறனை அளக்க மிக எளிய வழி தராசு. ஒரே அளவான இரண்டு உருக்குத் தகடுகளை நிறுத்து, ஒன்றை வெறும் அமிலத்திலும் மற்றதை நிரோதி கலந்த அமிலத்திலும் ஒரே நேரம் அமிழ்த்தி வைத்துவிட்டு, கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். உதாரணத்துக்கு முதல் தகடு 200 மில்லிகிராமும் இரண்டாவது 16 மில்லிகிராமும் இழந்ததாக வைப்போம். தடுக்கப்பட்டது 184 மில்லிகிராம்; 200 இல் அது 92%. இதுவே நிரோதியின் வினைத்திறன். மின்னிரசாயன முறைகளும் உண்டு, ஆனால் தராசு சொல்வதை மறுக்க எதுவும் இல்லை.

இந்த வீதத்தை வைத்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நிரோதி இல்லாதபோது ஒரு குழாய் வருடத்துக்கு 20 மில்லிமீற்றர் அரிபடும் என்று வைத்துக்கொண்டால், 90% பாதுகாப்புக்குப் பிறகும் 2 மில்லிமீற்றர் போய்க்கொண்டேயிருக்கும். 6 மில்லிமீற்றர் சுவருள்ள குழாய் மூன்று வருடத்தில் ஓட்டை. குழாய் நீண்ட காலம் இருக்க வேண்டுமானால் அரிப்பு வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றர் அளவுக்காவது இறங்க வேண்டும். இந்தக் குழாய்க்கு அது 99.5% பாதுகாப்பு. 90 க்கும் 99.5 க்கும் இடையில் தாளில் தெரிவது சிறிய வித்தியாசம், குழாயில் அது இருபது மடங்கு. எனவே யாராவது ஒரு வீதத்தைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் திரவத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம்?

கறிவேப்பிலை, மருதாணி, வேப்பிலை, தேயிலை என்று தாவரச் சாறுகளை நிரோதிகளாகச் சோதித்த ஆய்வுகள் ஏராளம். நம் கொல்லையிலுள்ள இலைகளுக்கு இப்படி ஒரு குணம் இருப்பதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. நஞ்சு குறைவு, மூலப்பொருள் மலிவு, நைதரசனும் ஒட்சிசனும் வளையங்களும் நிறைந்த மூலக்கூறுகள் அவற்றில் தாராளம். ஆனாலும் அந்த ஆய்வுகளில் மிகப் பல, ஒரு மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில், அறை வெப்பநிலையில், சில மணித்தியாலம் மட்டும் செய்யப்பட்டவை. சாறு சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கால இலையும் வெயில்கால இலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை. எந்த மூலக்கூறு வேலை செய்தது என்றே பல முறை தெரிவதில்லை. இதைத் தீர்க்காமல் ஆய்வுகூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு எந்தச் சாறும் போக முடியாது. இன்னுமொரு இலை, இன்னுமொரு 90% என்று அடுக்குவதைவிட, ஒரே இலையை எடுத்து இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பது பெரிய தொண்டாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கொழும்பில் இவை எங்கே இருக்கின்றன

கடலோரத்துக் கேட்டுக்கும் கிறிலுக்கும் இதில் ஏதாவது உதவுமா என்று கேட்பீர்கள். திரவத்தில் கரைந்திருக்கும் நிரோதி உதவாது. திறந்த வெளியில் தடவினால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே நாகப் பூச்சும் நல்ல பெயின்ட்டும்தான் வழி. சேதன இரசாயனம் அங்கே வேறு வடிவத்தில் கைகொடுக்கும்: தனின் கலந்த கறள் மாற்றிகள். சாயம் கடுமையான பிளேன்டீயில் கறள் பிடித்த ஆணியைப் போட்டு ஓர் இரவு விட்டால் தேநீர் கறுத்துவிடும். தேயிலையிலுள்ள தனின் வகைச் சேர்வைகள் இரும்போடு சேர்வதால் வரும் கருமை அது. பழைய காலத்து எழுதுமையும் இரும்பும் தனினும் சேர்ந்ததுதான். கறள் மாற்றி இதையே கேட்டின் மேல் செய்கிறது. உதிரும் கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அப்புறம் தடவினால், எஞ்சிய கறள் கருநீலப் படலமாக மாறும். அதன் மேல் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பிகளுக்கும் நிரோதிகள் உண்டு. அமினோ அற்ககோல்கள் அவற்றில் முக்கியமானவை. கலவை போடும்போதே சேர்ப்பது ஒரு முறை. கட்டி முடித்த சுவரில் வெளியே தடவி உள்ளே ஊறவிடுவது இன்னொன்று. இரண்டாவது முறையில் ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருப்பதால், உப்பு ஏற்கெனவே கம்பியை எட்டிய கட்டடத்தில் அதை மட்டும் நம்புவது சரியல்ல.

துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களில் இன்னொரு வகை இருக்கிறது. கடலில் பகலும் இரவும் மாறும்போது கொள்கலனின் உட்புறம் வியர்த்து ஈரமாகும். அதற்காக இயந்திர உதிரிப்பாகங்களை, ஆவியாகக்கூடிய அமீன் உப்புகள் ஊட்டிய தாளிலோ பொலித்தீன் பையிலோ சுற்றி அனுப்புகிறார்கள். பை மூடியிருக்கும்வரை அந்த ஆவி உள்ளே நிறைந்து உருக்கில் படிந்து அதைக் காக்கும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்குபவர்கள் பையை உடனே கிழித்துவிடாமல், பூட்டும் நாள்வரை மூடியே வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, பலரும் தினமும் ஓட்டிக்கொண்டு திரியும் நிரோதி: கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். கொழும்பில் தண்ணீர் உறைவதில்லை, பிறகெதற்கு கூலன்ட் என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுபவர்கள் நிறையப் பேர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது அதிலுள்ள நிரோதி. என்ஜினுக்குள் வார்ப்பிரும்பு, உருக்கு, அலுமினியம், சில வேளை செம்பு எல்லாம் ஒரே சூடான திரவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிய வகைக் கூலன்ட்களில் செபாசிக் அமிலம் போன்ற சேதன அமிலங்களின் உப்புகள் இருக்கும். செபாசிக் அமிலத்தை ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். செம்புக்கென்று தொலைல்திரையசோல் என்ற நிரோதியைத் தனியாகச் சேர்ப்பார்கள். தண்ணீர் குறைந்ததென்று குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் நிரோதி மெலிந்து, குளோரைட்டு ஏறும். கலக்க வேண்டுமானால் வடித்த நீரையே கலக்க வேண்டும். வகை மாறிய இரண்டு கூலன்ட்களைச் சேர்க்கவே கூடாது. சில சேர்க்கைகள் களியாகித் தடைப்படும். இதில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு, ஆகவே குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திரவம் பழுப்பாக இருந்தால் இரும்பு ஏற்கெனவே கரையத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் மேலே புதியதை ஊற்றி நிரப்புவதில் பயன் குறைவு. பழையதை முழுவதும் இறக்கி, உள்ளே கழுவி, அப்புறம்தான் புதியதை ஊற்ற வேண்டும். நிரோதி மூலக்கூறுக்கு ஒட்டிக்கொள்ளக் கறளற்ற உலோகம் வேண்டும்.